36,000 கி.மீ. தாண்டி வரும் சிக்னல்... கடைசி முப்பது அடியில் அறுவது ஏன்?

மலையூர்களுக்கு வானத்திலிருந்து இணையம் வரப்போகிறது என்ற பேச்சு தர்மபுரியிலும் சூடு பிடித்திருக்கிறது. டிஷ்ஷுக்குக் கீழே இருக்கும் சாட்டிலைட் மோடம் எப்படி வேலை செய்கிறது, பழுது வந்தால் என்ன செய்கிறது, அந்தப் பழுதுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

2024 டிசம்பர் 1, ஞாயிறு இரவு. புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்தும் அடங்காமல் மேற்கே நகர்ந்து, வழக்கமாக மழைக்கு ஏங்கும் ஊர்களின் தலைக்கு மேல் நின்றுகொண்டது. மறுநாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்; தர்மபுரி மாவட்டம் அரூரில் 33. அரூரில் ஓராண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. தென்பெண்ணை கரை புரண்டது.

அப்படியொரு மழையில், கேபிள் எட்டாத ஊரின் ஏ.டி.எம். கூரையில் இருக்கும் டிஷ் என்ன பாடுபடும்? முதல் சாரலில் ஒன்றும் தெரியாது. மழை கனக்கக் கனக்க, உள்ளே இருக்கும் மோடம் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். எதிரே நிற்பவருக்குத் திரை சற்றுத் தாமதமாக மாறுவது மட்டும் தெரியும். வானம் பிளந்துகொண்டு ஊற்றும்போது, ஒரு பச்சை விளக்கு மினுக்கி அணையும். அடுத்த கணமே மோடம் தானாகத் தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும். மழை தணிந்ததும் சிக்னலைத் தேடிப் பிடித்து, மறுபடி வேலைக்கு வந்துவிடும். யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

மழை மட்டும்தான் எதிரி என்றால் கதை இங்கேயே முடிந்தது. ஆனால் மழை விட்டு, வெயில் அடித்த பிறகும் நாள்கணக்கில் லிங்க் வராத இடங்கள் உண்டு. அங்கெல்லாம் கோளாறு பெரும்பாலும் தரையில்தான் இருக்கும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

விசாட் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில் இரண்டு பகுதிகள். வெளியே டிஷ், அதன் முனையில் இரண்டு கருவிகள். ஒன்று எல்.என்.பி.: வானத்திலிருந்து வருவதை வாங்கிப் பெருக்கும். இன்னொன்று பக்: இங்கிருந்து போவதை மேலே அனுப்பும். உள்ளே, மேசை மேல் மோடம். இரண்டையும் இணைப்பது கோஆக்சியல் கேபிள். பெரும்பாலான கட்டடங்களில் அதன் நீளம் முப்பது, ஐம்பது அடிதான்.

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. அங்கிருந்து வந்து 1.2 மீட்டர் டிஷ்ஷில் விழும் சிக்னலின் பலம், ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் சில பங்குகள். இவ்வளவு மெலிந்த சிக்னல், இரைச்சலோடு கலந்துதான் வரும். அதிலிருந்து தகவலைப் பிரித்தெடுப்பதுதான் மோடத்தின் முதல் வேலை.

அதற்கு உதவுவது ஒரு கணக்கு. அனுப்பும்போதே அசல் தகவலோடு சரிபார்ப்புக்கான கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். வழியில் சில பிட்டுகள் சிதைந்தாலும், மீதியை வைத்து மோடமே திருத்திக்கொள்ளும். 'மறுபடி அனுப்பு' என்று கேட்கத் தேவையில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் வகுத்த முறை இது. அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது பெரிய சுமை என்பதால் பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது. 2005-இல் வெளிவந்த டி.வி.பி.-எஸ்2 என்ற தரம் அதை எடுத்துக்கொண்டது.

மழைக்கு மோடம் தரும் பதிலும் இந்தத் தரத்தில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து வரும் சரக்கு லாரி தொப்பூர் கணவாயில் ஏறும்போது கியரைக் குறைப்பதுபோல, சிக்னல் மெலிந்ததும் மோடமும் மறுமுனையும் பேசிவைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மேல் கியருக்கும் கடைசிக் கியருக்கும் வேகத்தில் ஒன்பது மடங்கு வித்தியாசம். பதிலுக்குக் கிடைப்பது, ஏறத்தாழ எழுபது மடங்கு மெலிந்த சிக்னலையும் படிக்கும் திறன். கடைசிக் கியரில், இரைச்சல் சிக்னலைவிடப் பெரிதாக இருந்தாலும் தகவல் பிழையின்றி வந்து சேரும்.

ஏ.டி.எம்.களில் அதிகம் புழங்கும் 'கூ-பேண்ட்' அலைகளுக்கு மழை பெரும் பகை. மணிக்கு 100 மி.மீ. வீதத்தில் கொட்டும் மழையில் ஒவ்வொரு கிலோமீட்டரைக் கடக்கும்போதும் அவற்றின் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்போது கடைசிக் கியரும் கைகொடுக்காது.

மலை மறைக்காத வானம்

சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலை என்று தர்மபுரியின் மலையூர்களில் செல்போன் சிக்னல் தடுமாறுவதற்கு நிலத்தின் அமைப்பே முதல் காரணம். கோபுரத்திலிருந்து பக்கவாட்டில் வரும் அலையை முகடு மறித்துக்கொள்ளும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒன்றும் வராது.

செயற்கைக்கோளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. தர்மபுரி நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரி வடக்கே இருக்கிறது. 74 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-11 இங்கிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். எந்த முகடும் அதை மறைக்காது. மழை மேகத்தையும் அலை சாய்வாக நெடுந்தூரம் ஊடுருவ வேண்டியதில்லை. ஐரோப்பாவில்போல டிஷ்கள் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. மலையூருக்கு வானவழி இணைப்பு பொருந்திவருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2004 அக்டோபர் 18-இல் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களின் கிராம வள மையங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைத்தன. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார்.

சந்தேகம் வந்தால் வாயை மூடு

சாட்டிலைட் மோடத்தின் பழுது பார்க்கும் ஒழுக்கம் ஒரே விதியில் தொடங்குகிறது: கேட்க முடியாதபோது பேசாதே.

ஒரே செயற்கைக்கோள் அலைவரிசையை நூற்றுக்கணக்கான டிஷ்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரமும் அலைவரிசையும் அளந்து கொடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கை மோடம் தெரிந்துகொள்வது, 'ஹப்' எனப்படும் மையத்திலிருந்து வரும் சிக்னல் வழியாகத்தான். அந்தச் சிக்னல் அறுந்த பிறகும் ஒரு மோடம் அனுப்பிக்கொண்டே இருந்தால், அடுத்தவர் நேரத்தில், அடுத்தவர் அலைவரிசையில் போய் விழும். ஒரு கடையின் கோளாறு நூறு கடைகளின் கோளாறாகும். அதனால் 'லாக்' எனப்படும் சிக்னல் பிடிப்பு போன உடனே, அல்லது அலைவரிசையை உருவாக்கும் உள்சுற்றில் சிறு தடுமாற்றம் தெரிந்தாலும், மோடம் தன் ஒலிபரப்பைத் தானே துண்டித்துக்கொள்ளும்.

அதோடு நிற்காது. எல்.என்.பி.யும் பக்கும் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று கேபிள் வழியே பல மோடங்கள் அளந்துகொண்டிருக்கும். அளவு கூடினால் ஷார்ட், ஒன்றுமே இழுக்கவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது என்று முடிவு கட்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கோளாறு வந்தது, எப்போது நீங்கியது என்று வரிசையாகப் பதிவு வைக்கும். பெரிய ஹப் நிலையங்களில் மோடத்துக்குத் துணையாக இன்னொன்று விழித்திருக்கும். ஒன்று சாய்ந்தால் மற்றது தானாக வேலையை ஏற்கும்.

மலையூரில் அந்தத் துணை கிடையாது. ஒற்றை மோடம், ஒற்றை டிஷ். இன்னொரு சிக்கலும் உண்டு. கோளாறுப் பதிவு மையத்துக்குப் போய்ச் சேர வேண்டியதே அறுந்துபோன அதே லிங்க் வழியாகத்தான். பெட்டி தன் நோயைத் துல்லியமாக அறிந்திருக்கும். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் அதைச் சொல்ல வழி இருக்காது.

▣ நான்கு விளக்குகள், நான்கு சேதிகள்

நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் நிறமும் மாறும். பொதுவான வரிசை இது:

• பவர் அணைந்திருந்தால்: மின்சாரம், யு.பி.எஸ்., அடாப்டர். முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.
• ரிசீவ் அணைந்திருந்தால்: மழையா என்று பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் கேபிள் முனை, எல்.என்.பி., டிஷ் திரும்பியிருப்பது.
• ரிசீவ் எரிந்து, டிரான்ஸ்மிட் மட்டும் அணைந்திருந்தால்: பக், அதற்கான கேபிள், அல்லது ஹப் அனுமதி தரவில்லை.
• மூன்றும் எரிந்து, லேன் மட்டும் அணைந்திருந்தால்: வானத்தில் குறை இல்லை. மோடத்துக்கும் கணினிக்கும் இடையிலான ஒயரைப் பாருங்கள்.

கடைசி முப்பது அடி

மாடியில் கேபிள் முனையைச் சரியாகச் சுற்றி ஒட்டாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் நீர் இறங்கிவிடும். செம்பு களிம்பேறும். வெயில் நாளில் வேலை செய்யும் லிங்க், ஈரக் காற்று அடித்தாலே விழும். குளவி கூடு கட்டுவது, எலி ஒயரைக் கடிப்பது, குரங்கு டிஷ்ஷைப் பிடித்து ஆடுவது எல்லாம் சிரிப்பு வரவழைக்கும் காரணங்கள்தாம். ஆனால் 1.2 மீட்டர் டிஷ்ஷின் பார்வை ஒரு டிகிரி அகலத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஒரு டிகிரி திரும்பினால் அந்த உயரத்தில் 600 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும். கையால் அசைத்துச் சரிசெய்ய முடியாது. அலைன்மென்ட் தெரிந்தவர் மீட்டரோடு மலையேற வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மின்சாரம். பத்து நொடி மின்வெட்டு வந்தால் சேவை தடைபடுவது பத்து நொடியோடு முடியாது. மோடம் மறுபடி விழித்து, சிக்னலைத் தேடி, ஹப்பிடம் பதிவு செய்து, நேரக்கணக்கைச் சரிசெய்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பேட்டரி செத்துப்போன இடத்தில் சில நிமிடங்களுக்கொரு முறை மின்சாரம் கண் சிமிட்டினால், நாள் முழுக்க லிங்க் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எர்த் சரியில்லாத கூரையில் இடி இறங்கினால், வெளியே இருக்கும் கருவிகளும் உள்ளே இருக்கும் மோடமும் சேர்ந்தே போகும்.

கீழே தவிப்பது யார்?

நகரத்தில் நெட் போனால் எரிச்சல். மலையூரில் அது ஒருநாள் கூலி.

சித்தேரி மலையிலிருந்து ஒருவர் பணம் எடுக்கக் கீழே இறங்குகிறார் என்று வையுங்கள். கார்டைச் செருகி, எண்ணை அழுத்துகிறார். கோரிக்கை மேலே போய், கீழே வந்து, வங்கிக் கணினியைத் தொட்டு, பதில் மறுபடி மேலேறி இறங்க வானத்தில் மட்டும் ஏறத்தாழ அரை நொடி. அந்த இடைவெளியில் லிங்க் விழுந்தால் கணக்கில் பணம் கழிந்து, கையில் பணம் வராமல் போகலாம். இன்னொரு முறை முயல ஒரு நாள் வேலையையும் பேருந்துச் செலவையும் இழக்க வேண்டும்.

நூறு நாள் வேலைத் தளங்களில் தினமும் இரண்டு வேளை படமெடுத்துச் செயலியில் வருகையைப் பதிவது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்த படத்தை, சிக்னல் உள்ள இடம் தேடிப் போய் ஏற்ற வேண்டும். ஏறாத படம் கூலியைச் சிக்கலாக்கும். ரேஷன் கடையில் விரல் ரேகை சரிபார்ப்பதற்கும் இணைப்பு வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கணக்கு வேறு. பாம்பு கடித்தவரைத் தூளி கட்டி இறக்கும் ஊர்களில், அடிவாரத்தில் 108 வண்டி காத்திருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஒரு போன் அழைப்பு. சாலை இல்லாத குறையை இணையம் தீர்க்காது. ஆனால் தூளி புறப்படும்போதே வண்டியும் புறப்பட்டால், வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

தேர்தலும் ஒரு சோதனை. 2021 சட்டமன்றத் தேர்தலில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறிப் போயின. படத்தைப் பார்த்து நாடே வியந்தது. இயந்திரம் ஏறியபின் சில மணிக்கொரு தடவை வாக்கு சதவீதத்தைக் கீழே சொல்ல வேண்டுமே! சிக்னல் இல்லாத வாக்குச்சாவடிகளைத் தேர்தல் அலுவலர்கள் முன்கூட்டியே பட்டியலிட்டு, அங்கெல்லாம் ஒயர்லெஸ் கருவிகளையும் ஆட்களையும் ஏற்பாடு செய்வது வழக்கம்.

▣ பணம் வரவில்லையா? இது உங்கள் உரிமை

• ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் வெளியிட்ட உத்தரவின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வைக்க வேண்டும்.
• தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.
• ஊருக்கே வரும் வங்கிப் பிரதிநிதியிடம் ஆதார், விரல் ரேகை வைத்துப் பணம் எடுப்பதற்கும் இதே ஐந்து நாள், இதே 100 ரூபாய் கணக்கு உண்டு.

பழுது வானத்திலேயே என்றால்?

2010 ஜூலை 7 இரவு இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியப் பலகை ஒன்றில் மின்கோளாறு. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டிவந்தது. சன் டைரக்ட் வாடிக்கையாளர்களின் டி.வி. இருண்டது. சேவை மீசாட்-3 என்ற வேறொரு செயற்கைக்கோளுக்கு மாறியது. பழையது 93.5 டிகிரியில், புதியது 91.5 டிகிரியில். இடைவெளி இரண்டே டிகிரி. ஆனால் அதற்காகத் தமிழகமெங்கும் மாடிமாடியாக ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. மேலே ஒரு பலகை பழுதானால், கீழே ஆயிரக்கணக்கான ஏணிகள் தேவைப்படுகின்றன.

2022 பிப்ரவரி 24 இன்னும் கொடிய பாடம். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, வயாசாட் நிறுவனத்தின் கே.ஏ.-சாட் செயற்கைக்கோள் இணைய வலையமைப்பின் நிர்வாகப் பகுதிக்குள் ஊடுருவிய கைகள், மோடங்களின் நினைவகத்தை அழிக்கும் கட்டளையை அனுப்பின. பல்லாயிரம் மோடங்கள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி அறுந்தது; காற்றாலைகள் சுற்றின, கேட்டால் பதில் சொல்லவில்லை. ஏறத்தாழ 30,000 மாற்று மோடங்களை அனுப்ப வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து மோடத்தைக் குணமாக்கும் அதே வழியாகத்தான் அதைக் கொல்லவும் முடியும். அப்படி ஒன்று நடந்தால், மலைக்கு மாற்றுப் பெட்டியைச் சுமந்துபோக ஆள் வேண்டும்.

▣ வெயில் காய்ந்தாலும் லிங்க் போகும்

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள், மதியம் பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில், தர்மபுரியிலிருந்து பார்த்தால் சூரியன் ஜிசாட்-11-க்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கும். சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கணித்துவிடலாம் என்பதால், விசாட் நிறுவனங்கள் அட்டவணை வெளியிடுகின்றன. அந்த நேரத்தில் மோடத்தைக் கழற்றி மாட்டுவது வீண்.

புதிய வானம், பழைய தரை

இஸ்ரோவின் ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து ஏவப்பட்டது. நொடிக்கு 48 கிகாபிட் கொள்ளளவு. தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் கூட்டங்கள் இன்னொரு பக்கம். அவற்றில் ஒன்றான ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்தையும், ஜூலையில் விண்வெளித் துறைக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் ஒப்புதலையும் பெற்றது. சுமார் 550 கி.மீ. உயரத்தில் பறப்பதால் அரை நொடித் தாமதம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஒரு செயற்கைக்கோள் பழுதானால் இன்னொன்று தலைக்கு மேல் வந்துவிடும்.

பழுது அதனால் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2025 ஜூலை 24-இல் ஸ்டார்லிங்க்கின் மைய மென்பொருளில் ஏற்பட்ட கோளாறால் உலகம் முழுக்கச் சேவை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தடைபட்டது. செயற்கைக்கோள்கள் மேலே பறந்துகொண்டுதான் இருந்தன. நகரும் செயற்கைக்கோள்களைத் தொடரும் புது டிஷ்ஷுக்குப் பழைய விசாட் மோடத்தைவிட மின்சாரமும் கூடுதலாக வேண்டும். தர்மபுரி மலையில் பலவீனமான கண்ணி எதுவோ, அதன் மேலேயே பாரம் கூடுகிறது.

அதனால் வானத்தில் எந்த நிறுவனம் வரும் என்பதைவிட, தரையில் என்ன வாங்குகிறோம் என்பதே மலையூருக்கு முக்கியம். ஒரு நாள் மின்வெட்டைத் தாங்கும் பேட்டரியும் சோலார் பலகையும் டிஷ்ஷோடு சேர்ந்தே வர வேண்டும். முறையான எர்த் குழி வேண்டும். மாற்று மோடம், எல்.என்.பி., கேபிள் முனைகள் அடங்கிய பெட்டி சென்னையில் இருந்து பயனில்லை. அரூரிலும் பென்னாகரத்திலும் இருக்க வேண்டும். விளக்குகளைப் படிக்கவும், கேபிள் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டவும் அந்தந்த ஊரிலேயே இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களால் செய்ய முடியாத வேலை அல்ல இது.

லிங்க் எத்தனை மணி நேரம் விழுந்து கிடந்தது என்று மோடமே நிமிடம் பிசகாமல் எழுதி வைக்கிறது. அந்தப் பதிவைப் பார்த்து ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும். டெண்டரில் 'எத்தனை டிஷ்' என்ற கேள்விக்கு அடுத்த வரியிலேயே 'பழுதானால் எத்தனை மணி நேரத்தில் யார் மலையேறுவார்' என்றும் கேட்க வேண்டும். அதற்கு ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிலாக எழுதப்படாத எந்தத் திட்டத்துக்கும் ஊராட்சிகள் கையெழுத்துப் போடக் கூடாது.